காய்கறியில் நஞ்செச்சம்: அளவு அறியும் முறை

2015ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே காய்கறியை முன்னிட்டு ஒரு பூசல் எழுந்தமை அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து செல்லும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி நஞ்சு வரம்புக்கு மேல் தங்கியுள்ளது என்று கேரளத்தின் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கூறினர். அவ்வாறு இல்லை என்று தமிழ்நாட்டுத் தரப்பு மறுத்தது. இரு தரப்பிலும் ஆய்வுக்கூடங்கள் இருந்தன. இரு தரப்பிலும் எண்கள் இருந்தன. செய்தித்தாள் படித்தவர்களில் பலர், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றே முடிவு கட்டினர். அப்பூசலில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆயினும் நேர்மையான ஆய்வாளர் இருவர், ஒரே வட்டாரத்து வெண்டைக்காயில், ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட எண்களைக் காண்பது இயலக்கூடியதே. அஃது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நம் இதழில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று வினவுவோர்க்கு ஒரு சொல். புலால் விலக்கிய நம் உண்கலத்தில் காய்கறியின் பங்கு பெரிது. மேலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் பலர் இன்றும் நிலமுடைய உழவர். உண்பவரும் நாமே, விளைவிப்பவரும் நாமே, மருந்து தெளிப்பவரும் நாமே.

தெளித்த மருந்தில் ஒரு பகுதி வெயிலில் சிதைகிறது. ஒரு பகுதி காற்றோடும் மழையோடும் போகிறது. ஒரு பகுதி பயிரின் உடலுக்குள்ளேயே வேறு பொருளாக மாறுகிறது. அறுவடை நாளில் காயிலும் கீரையிலும் எஞ்சி நிற்பதையே எச்சம் என்கிறோம். மருந்து மாறிப் பிறந்த பொருள்களும் நஞ்சாயின், அவையும் எச்சமே. அசிஃபேட் தெளித்த பயிரில் மெத்தமிடோஃபாஸ் தோன்றுகிறது. டைமெத்தோயேட் தெளித்த பயிரில் ஓமெத்தோயேட் தோன்றுகிறது. பின்னவை முன்னவற்றினும் கடியவை. தாய்ப்பொருளை மட்டும் தேடி, சேயை விட்டுவிட்ட ஆய்வு பாதி ஆய்வே.

எச்சத்தின் அளவு ஒரு கிலோ காய்கறியில் எத்தனை மில்லிகிராம் நஞ்சு என்று குறிக்கப்படும். ஒரு மில்லிகிராம் எனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடங்கள் இன்று எட்ட முயலும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் எனக் கொண்டால், 75 கிலோ மூட்டைகள் இருபத்தேழில் ஒரே ஒரு மணியைத் தேடி எடுப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்வளவு நுண்மை ஒரே நாளில் வந்ததன்று. தொடக்க காலத்தில் காய்ச்சாற்றின் வடிமத்தைக் கண்ணாடிக் குடுவையில் பூசி, அதில் பழ ஈக்களையோ கொசுப் புழுக்களையோ விட்டு, எத்தனை மடிகின்றன என்று எண்ணி நஞ்சை மதிப்பிட்டனர். அளப்பதற்கே உயிர்கள் பலியான காலம் அது. 1957இல் இங்கிலாந்து அறிவியலார் ஜேம்ஸ் லவ்லாக் எலக்ட்ரான் கவர் உணர்வியை அமைத்தார். குளோரின் அடங்கிய டி.டி.டி., பி.எச்.சி. போன்றவற்றை மிகச் சிறு அளவிலும் அது காட்டிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே, 1958இல், நம் நாட்டில் ஒரு கொடுமை நேர்ந்தது. கப்பலில் உணவுப் பொருளுடன் ஒருங்கே ஏற்றி வந்த பாரத்தியான் என்னும் நஞ்சு கோதுமை மாவில் கலந்து, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது.

மாதிரி எடுத்தல்

கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதனுள் செல்லும் காய் எதுவோ அதன் அளவையே அது சொல்லும். ஆகையால் ஆய்வின் பெரும் பிழை ஆய்வுக்கூடத்தில் அன்று, வயலிலும் சந்தையிலுமே நேர்கிறது.

கைத்தெளிப்பானைத் தோளில் சுமந்து செல்பவன் எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் தெளிப்பதில்லை. வரப்போரச் செடி இருமுறை நனையும். நடுவில் உள்ளது அரைகுறையாக நனையும். இலைக்கு மேலிருந்த காய் முழுக்க நனையும். இலைக்குக் கீழே ஒளிந்த காய் தப்பும். எனவே ஒரே செடியில் பறித்த இரண்டு கத்தரிக்காய்கள் கூட ஒத்த எச்சம் உடையன அல்ல. ஒரு தனிக் காயில், சராசரியைப் போல் மூன்று மடங்கு எச்சம் இருக்கக்கூடும் என்றே பன்னாட்டு வல்லுநர் குழு தன் கணக்கில் கொள்கிறது. சந்தையில் ஒரு கூடையின் மேலிருந்து இரண்டு காய் எடுத்துச் சென்று சோதித்துவிட்டு, ‘இவ்வூர்க் கத்தரிக்காய் இத்தகையது’ என்று கூறுவது தகாது.

இதற்கென உலக உணவுச் சட்டத் தொகுப்பாகிய கோடெக்ஸ் 1999இல் விதி வகுத்துள்ளது. தக்காளி, கத்தரி போன்ற நடுத்தரக் காய்கள் எனில் ஒரு கிலோவுக்குக் குறையாமலும் பத்துக் காய்களுக்குக் குறையாமலும் எடுத்தல் வேண்டும். முட்டைக்கோஸ், பூசணி போன்ற பெருங்காய்கள் எனில் இரண்டு கிலோவும் ஐந்து காய்களும். அவற்றையும் ஒரே இடத்திலன்றிச் சரக்கின் பல இடங்களிலிருந்து எடுத்தல் வேண்டும். காய்களைக் கழுவுதல் கூடாது. தக்காளியின் காம்பு நீக்கப்படும். முட்டைக்கோசின் அழுகிய, வாடிய இலைகள் நீக்கப்படும். வாழைப்பழம் தோலோடு அரைக்கப்படும். இதனைப் பலர் அறியார். நாம் உண்ணும் நிலையில் அன்று, சந்தையில் விற்கும் நிலையிலேயே எச்சம் அளக்கப்படுகிறது.

இனி, மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்னும் வினா. அறுவடைக்குக் காத்திருக்கும் வயலில் எடுத்தால் ஓர் எண். இரண்டு நாள் வண்டியில் பயணம் செய்து வேற்றூர்க் கடையில் கிடக்கும் காயில் எடுத்தால் வேறோர் எண். கடைச் சரக்கில் பத்து உழவரின் காய்கள் கலந்திருக்கும். ‘பிழை செய்திருப்பார்’ என ஐயுற்ற இடத்தில் மட்டும் எடுத்த மாதிரிகளும், ஊர் முழுதும் பொதுவாக எடுத்த மாதிரிகளும் ஒரே விழுக்காட்டைத் தாரா. முன்னர்க் கூறிய பூசல் போன்றவற்றில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எண் என்ன என்பதன்று. எவ்விடத்தில், எந்நாளில், எவ்வாறு எடுத்த காய் என்பதே.

பிரித்தெடுத்தல்

ஆய்வுக்கூடம் சேர்ந்த காய்கள் முழுவதும் நறுக்கி ஒன்றாக அரைக்கப்படும். சில மருந்துகள் அரைபடும்போதே காய்ச்சாற்றின் செயலால் அழியுமாதலால், நல்ல கூடங்களில் உறைபனி நிலையில் வைத்து அரைப்பர். அவ்விழுதில் 10 கிராம் மட்டுமே ஆய்வுக்குச் செல்லும். அப்பத்துக் கிராம் ஒரு வண்டிக் காய்க்குச் சான்று பகர வேண்டியிருத்தலை எண்ணுக.

முற்காலத்தில் நஞ்சைப் பிரிக்க லிட்டர் கணக்கில் கரைப்பான் செலவாயிற்று. ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போயிற்று. 2003இல் அனஸ்டாசியாடெஸ், லெஹோட்டே முதலியோர் வெளியிட்ட எளிய முறை இதனை மாற்றியது. ‘கெச்சர்ஸ்’ என்று உலகெங்கும் வழங்கும் அம்முறையின் உள்ளம் சமையலறைக்கும் அந்நியமானதன்று. 10 கிராம் விழுதில் 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பான் ஊற்றிக் குலுக்குவர். பின்னர் 4 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட்டும், 1 கிராம் சோடியம் குளோரைடும், அதாவது நம் கறியுப்பின் தூய வடிவும், சேர்த்து மீண்டும் ஒரு நிமிடம் வலிமையாகக் குலுக்குவர். முதல் உப்பு நீரை ஈர்த்துக்கொள்ளும். இரண்டாம் உப்பு நீரையும் கரைப்பானையும் தனித்தனி அடுக்காகப் பிரிக்கும். மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் நஞ்சு ஏந்திய கரைப்பான் மேலே தெளிந்து நிற்கும். அதிலுள்ள சர்க்கரை, அமிலம் முதலிய வேண்டாப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தூளை இட்டுத் தூய்மை செய்தால், கருவிக்குச் செலுத்தும் நிலை வந்துவிடும்.

எளிதில் ஆவியாகும் நஞ்சுகளுக்கு வாயு வண்ணப்பிரிகைக் கருவியும், மற்றவற்றுக்கு நீர்ம வண்ணப்பிரிகைக் கருவியும் பயன்படும். இரண்டிலும் கலவை ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியே செல்லுங்கால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வாயிலில் நிற்கும் நிறை நிறமாலைமானி அதனை உடைத்து, துண்டுகளின் நிறையைக் கொண்டு இன்னது என அடையாளம் காணும். முன்னாளில் வெளிவரும் நேரம் ஒன்றையே சான்றாகக் கொண்டனர். ஒரே நேரத்தில் வேறொரு பொருள் வந்தால் ஏமாற நேர்ந்தது. இப்பொழுது நேரமும் துண்டுகளும் ஒத்தாலன்றி முடிவு கூறார்.

ஆயினும் ஒவ்வொரு காயும் தன் இயல்பால் கருவியை ஏய்க்க வல்லது. கறிவேப்பிலையின் பச்சையமும் மணநெய்யும் உணர்வியில் நஞ்சின் குரலை அமுக்கிவிடும்; உள்ளதைக் குறைத்துக் காட்டும். இதனைச் சரிசெய்ய, மருந்து படாத கறிவேப்பிலைச் சாற்றிலேயே தெரிந்த அளவு நஞ்சைக் கலந்து அளவுகோல் அமைப்பர். மாங்கோசெப் முதலிய பூஞ்சைக்கொல்லிகள் எக்கரைப்பானிலும் எளிதில் கரையா. அவற்றை அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்து, வெளிப்படும் கார்பன் டைசல்ஃபைடை அளக்கின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டைக்கோசும், நம்மவர் பலர் விலக்கும் வெங்காயமும் பூண்டும், எம்மருந்தும் படாமலேயே அவ்வாயுவைத் தம் இயல்பான கந்தகப் பொருள்களிலிருந்து வெளியிடும். தெளிக்காத உழவர் தெளித்தவராகப் பழிக்கப்பட இஃதொன்றே போதும்.

அறிக்கையைப் படித்தல்

நேர்மையான கூடம் தன்னையும் சோதித்துக்கொள்ளும். நஞ்சில்லாக் காயில் தெரிந்த அளவு நஞ்சைத் தானே கலந்து, முழு முறையையும் நடத்தி, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று காணும். 100க்கு 70 முதல் 120 வரை கிடைத்தால் முறை ஏற்கத்தக்கது என்பது ஐரோப்பிய வழிகாட்டு நெறி. 120 என்பது வியப்பாகத் தோன்றலாம். அளவையின் அசைவு அவ்வளவு என்பதே அதன் பொருள். அதே நெறியின்படி, முடிவாகக் கூறும் எண்ணுக்கு மேலும் கீழும் பாதியளவு ஐயப்பாடு உண்டு எனக் கொள்வர். வரம்பு 0.5 எனவும், கண்டது 0.6 எனவும் கொள்வோம். உண்மை 0.3 முதல் 0.9 வரை எதுவாகவும் இருக்கலாமாதலின், வரம்பு மீறல் எனத் தண்டிக்க இயலாது. ஆனால் ‘மீறவில்லை’ என்று மகிழவும் இயலாது.

‘கண்டறியப்படவில்லை’ என்னும் சொல் பெரும்பாலோரை மயக்குவது. அதன் பொருள் இல்லை என்பதன்று. நாங்கள் தேடிய மருந்துகள், எங்கள் கருவி அளக்கவல்ல அளவுக்கு மேல் இல்லை என்பதே. அறிக்கையின் பின்பக்கத்தில் தேடிய மருந்துகளின் பட்டியல் இருக்கும். அதில் 30 பெயர் மட்டும் இருந்தால், முப்பத்தொன்றாவது மருந்து தெளித்த காய் ‘தூய காய்’ எனச் சான்று பெற்றுவிடும். 1980களில் தைவானில் பரவிய நொதிச் சோதனையும் இத்தகையதே. நரம்பு நொதியைத் தடுக்கும் பாஸ்பரஸ் வகை, கார்பமேட் வகை நஞ்சுகளைச் சில நிமிடங்களில் காட்டும். இமிடாகுளோப்ரிட் முதலிய பிற வகைகளைக் காணாது.

வரம்பு என்பது நஞ்சுக்கும் நலத்துக்கும் இடையே இட்ட கோடு எனவும் பலர் எண்ணுகின்றனர். அன்று. பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்தபடி தெளித்து, உரிய நாள் காத்திருந்து பறித்தால் எவ்வளவு எஞ்சும் என்று சோதனை வயல்களில் கண்டு அமைப்பதே வரம்பு. அது உடலுக்கு ஏற்குமா என்பது பின்னர் வேறு கணக்கால் ஒத்துப் பார்க்கப்படும். எடுத்துக்காட்டாக, இமிடாகுளோப்ரிட் ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 0.06 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது பன்னாட்டுக் குழுவின் முடிவு. 50 கிலோ எடையுள்ளவர்க்கு 3 மில்லிகிராம். 12 கிலோக் குழந்தைக்கு 0.72 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் எச்சமுள்ள காயில் 200 கிராம் உண்டால் உட்செல்வது 0.2 மில்லிகிராம். பெரியவர்க்கு அஃது ஏற்கும் அளவில் பதினைந்தில் ஒரு பங்கே. குழந்தைக்கோ கால் பங்கை விஞ்சிவிடும். இம்முடிவுகளும் என்றும் மாறாதன அல்ல. குளோர்பைரிபாஸ் என்னும் மருந்துக்குப் பாதுகாப்பான அளவு எதையும் கூற இயலவில்லை என்று 2019இல் ஐரோப்பிய வல்லுநர் கூறினர். 2020இல் அங்கே அதன் இசைவு நீங்கிற்று.

நம் நாட்டில், ஒரு பயிருக்கு ஒரு மருந்தின் வரம்பு தனியே வகுக்கப்படாவிடில் 0.01 மில்லிகிராமே பொது வரம்பு. ஆகவே ஒரு காயில் சட்டத்துக்கு உட்பட்ட எச்சம், பரிந்துரைத்த மருந்து மிகச் சிலவே உள்ள கறிவேப்பிலையில் குற்றமாகிவிடலாம். மோனோகுரோட்டோபாசைக் காய்கறியில் தெளிப்பது 2005ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கித் தெளிக்கும் நம் உழவர் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

காத்திருப்புக் காலம்

எல்லாவற்றினும் கடினமான பகுதி இதுவே. வந்தவாசிப் பக்கத்தில் என் உறவினர் ஒருவர் முப்பது சென்டில் வெண்டை பயிரிட்டிருந்தார். மருந்துப் புட்டியில் உள்ள காத்திருப்புக் காலத்தைப் பற்றி அவரிடம் கூறியபோது, “அண்ணா, வெண்டைக்காய்க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. ஆறு நாள் காத்திருந்தால் காய் கட்டையாகிப் போகும். அந்தப் பறிப்பையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?” என்றார். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

கணக்கைப் பார்ப்போம். தெளித்த அன்று எச்சம் 4 மில்லிகிராம் எனவும், இரண்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகும் எனவும், வரம்பு 0.5 எனவும் கொள்க. இரண்டாம் நாள் 2. நான்காம் நாள் 1. ஆறாம் நாள் 0.5. ஆக இரண்டாம் நாள் பறிப்பும் நான்காம் நாள் பறிப்பும் வரம்பை மீறியவை. ஆய்வுக்கூடத்தில் மீறலாகக் காணப்படும் காய்களில் பல இத்தகைய இடைப்பறிப்புக் காய்களே என்பது என் கருத்து. உழவர் நஞ்சூட்ட விரும்பியவர் அல்லர். இரண்டு பறிப்பின் விலையை இழக்க வலுவற்றவர்.

இதற்கு ஓரளவு வழி உண்டு. வெண்டையில் பூ மலர்ந்து ஏறத்தாழ ஆறு, ஏழு நாளில் காய் பறிப்புக்கு வருகிறது. எனவே ஆறாம் நாள் பறிக்கும் காய், தெளித்த அன்று வெறும் பூவாகவே இருந்தது. அதன் மேல் பட்ட சிறு அளவும், காய் பருத்து எடை கூடக் கூட, கிலோவுக்கான கணக்கில் தானே குறைந்துவிடும். தெளிக்கும் நாளில் முற்றிய காய், இளங்காய் யாவற்றையும் காலையில் பறித்துவிட்டு, மாலையில் தெளித்தால் இழப்பு பெரிதும் குறையும். மாலையில் தேனீக்களின் நடமாட்டமும் ஓய்ந்திருக்கும். இடையில் பருத்துவிடும் சில காய்களைச் செடியிலேயே விட்டால் பின்பூக்கள் குறையுமாதலால், அவற்றைப் பறித்து எருக்குழியில் இடுதல் வேண்டும். மாட்டுக்கு இடுதல் சரியன்று. பாலுக்குச் செல்லும் நஞ்சுகளும் உள. பறிப்பு நெருங்கிய காலத்தில் ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறும், கத்தரியில் துளைபட்ட குருத்தைக் கிள்ளி எறிதலும், இனக்கவர்ச்சிப் பொறியும் கைகொடுக்கும். இவை மருந்தைப் போல் விரைந்து பயன் தருவன அல்ல என்பதையும் மறைத்தல் ஆகாது.

வீட்டில் செய்யக்கூடியது பற்றிப் பலரும் வினவுவர். மேற்பரப்பில் தங்கிய நஞ்சு ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவினால் ஓரளவு போகும். புளி கரைத்த நீரில் ஊறவைத்துப் பின் நல்ல நீரில் கழுவுவதும் பயன் தரும். தோல் சீவுதலும், முட்டைக்கோசின் வெளியிலைகளை நீக்குதலும் இன்னும் நன்று. ஆனால் இமிடாகுளோப்ரிட் போல் பயிரின் சாற்றோடு கலந்து உள்ளே பரவும் மருந்தைக் கழுவி நீக்க இயலாது.

காயைச் சோதிக்க விரும்பும் உழவர்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ தேசிய ஏற்பு பெற்ற வேறு கூடத்திலோ கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளில் மருந்தின் பெயர், தெளித்த நாள், கலந்த அளவு, பறித்த நாள், எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்பவற்றை எழுதிச் சேர்த்தனுப்புக. தெளித்த மருந்து அக்கூடத்தின் பட்டியலில் உண்டா என்று முதலில் கேட்டறிக. காய்களை நெகிழிப் பையில் கட்டி வெயிலில் வைக்காமல், புதிய தாள் பையிலோ துணிப் பையிலோ இட்டு அன்றைக்கே சேர்த்துவிடுதல் வேண்டும். மருந்து வைத்த அறையில் கிடந்த பையைப் பயன்படுத்தினால், பையில் ஒட்டிய நஞ்சும் காயின் கணக்கில் ஏறிவிடும்.